அப்பாவின் மூக்கு

இளமதி,

நீ அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனசு வரவில்லை. மாவு பிரிட்ஜில் இருக்கிறது. சட்னி அரைத்துவிட்டேன், உப்பு கொஞ்சம் ஜாஸ்தி.

தங்கச்சி கொளஞ்சி கீரப்பாளையத்திலிருந்து வருகிறாள். நீ பலகையில் அறுத்துச் செய்த அப்பா முகத்தை, நேற்று நாம் சண்டை போடுவதற்கு முன்னாலேயே படம் எடுத்து அவளுக்கு அனுப்பியிருந்தேன். காலையில் போன் பண்ணி அழுதாள். "அப்பாவே எதுர வந்து நிக்கிற மாதிரி இருக்குண்ணே. அந்த மூக்கு அப்படியே இருக்கு. நேர்ல பாக்கணும், இப்பவே கெளம்பி வரேன்" என்றாள்.

நேற்று உன்னிடம் நான் என்ன சொன்னேன்? "இது எங்கப்பா மூக்கே இல்ல, வேற யாரோ மாதிரி இருக்கு." நீ மரம் அறுக்கிற ஸ்க்ரோல் சா மிஷினை மறுபடி போட்டாய். ஞாயிறு தவறாமல் உட்கார்ந்து செய்த அந்தப் பலாப் பலகையைத் துண்டு துண்டாக அறுத்தாய். பார்த்துக்கொண்டே நின்றேன். உன் கையைப் பிடித்திருக்கலாம்.

இப்போது பீரோவிலிருந்து அப்பா போட்டோவை எடுத்துப் பார்த்தேன். நீ செய்த மூக்குதான் சரி. மருமகள் நீ மறக்கவில்லை, பெற்ற அப்பாவின் முகத்தை நான்தான் மறந்திருக்கிறேன்.

கொளஞ்சியை பஸ் ஸ்டாண்டிலேயே பார்த்து நடந்ததைச் சொல்லப் போகிறேன். அவள் வீட்டுக்கு வந்து கேட்டால், கை தவறி உடைந்துவிட்டது என்று எனக்காகப் பொய் சொல்லாதே.

மணவாளன்

கீழே இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். வேறு பலகை வாங்கி வரட்டுமா என்று எழுதி, அடித்துவிட்டேன். நீயாகச் சொல்லும்வரை கேட்க மாட்டேன்.