உக்காந்தபடியே ஓட்டம்

பெரியவளோட அம்மாவுக்கு,

நான் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமா? எங்க அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? போன்ல பேசினா பிள்ளைங்க ஸ்பீக்கர்ல போட்டுடுறாங்க, அதான் எழுதுறேன்.

சர்க்கரை குறையணும்னு உன் தம்பி வாங்கித் தந்த, நாடித் துடிப்பை எண்ணுற கைப்பட்டையைத் தினமும் கட்டிக்கிட்டுதான் இருக்கேன். "காலையில நல்லா ஓடுறீங்க, என் போன்லயே காட்டுது"ன்னு நீயும் சந்தோஷப்பட்டே. அதுல ஒரு சின்ன விஷயம். நான் ஓடல.

உயரக் கட்டடத்துக் கண்ணாடி துடைக்க எங்களைத் தொட்டில் மாதிரி ஒண்ணுல உக்காரவச்சு, கயித்துல மொட்டை மாடியிலிருந்து இறக்குவாங்க. போன வாரம் காத்துல அது ஒரு பக்கமா சாஞ்சு நின்னுடுச்சு. இடுப்புல பெல்ட் இருந்துச்சு, பயப்படாதே. சரிபண்ற வரைக்கும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அசையாம உக்காந்திருந்தேன். நெஞ்சு அடிச்ச அடியைப் பட்டை ஓட்டம்னு நினைச்சுக்கிச்சு. "அருமையான உடற்பயிற்சி"ன்னு பாராட்டு வேற. மேஸ்திரி அதைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சார். நல்லவேளை, விழுந்தது அவர் மட்டும்தான்.

அதுக்கப்புறம் தினமும் தொட்டில்ல கால் வச்சதுமே பட்டை அப்படித்தான் சொல்லுது. நீ பாத்த ஓட்டமெல்லாம் அதுதான். இனிமே காலையில போனைப் பாக்காதே.

யாராவது இந்தப் பக்கம் வந்தா ரெண்டு பருத்தித் துணி குடுத்தனுப்பு. உள்ளங்கை வேர்த்துக் கம்பி வழுக்குது. உன் பழைய புடவையைக் கிழிச்சதா இருந்தா இன்னும் நல்லது.

மேஸ்திரி கூப்பிடுறார். நான் இன்னும் மாடியிலதான் உக்காந்திருக்கேன், தொட்டில் பக்கமே போகல. பட்டை அதுக்குள்ள "ஓட ஆரம்பிச்சுட்டீங்க"ங்குது.