ஆறு பேருக்கு ஒரே பாஸ்வேர்டு

என் உயிர்த் தோழிக்கு,

இப்படி அழைக்க எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. நம் ரூம் தங்கமாரி, கோயில் கொடைத் திருவிழாவுக்காக உங்கள் ஊருக்கு வருகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் பஸ் ஏறிவிடு.

தண்டலம் காலேஜில் கம்ப்யூட்டர் பாதுகாப்புப் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை என்றுதானே கம்பெனி வேலையை விட்டு ஊருக்குப் போனாய்? கிடைத்திருந்தது. நம்மைப் போல வீட்டிலேயே முதலாவதாகப் படிக்க வரும் பெண்களுக்கான இலவச இடம். நம் ஹாஸ்டல் ரூமில் ஆறு பேருக்கும் ஒரே ஈமெயில், ஒரே பாஸ்வேர்டு. அன்று ஷிப்ட் முடிந்து பிரவுசிங் சென்டருக்கு முதலில் போனது நான். சேர்கிறாயா என்று உன்னைக் கேட்டிருந்தார்கள். சேரவில்லை என்று உன் பெயரில் பதில் போட்டேன். பட்டியலில் உனக்கு அடுத்த பெயர் யாருடையது என்று உனக்கே தெரியும்.

உன் இடத்தில் நான் போய் உட்கார்ந்த முதல் வகுப்பிலேயே மேடம் கேட்டார்: "உங்க பாஸ்வேர்டு இன்னொருத்தருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

எல்லோரும் போனபின் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

"திங்கட்கிழமை பத்து மணிக்குள்ள அவளே என் முன்னாடி வந்து நிக்கணும். அதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார்.

அந்த இடத்தை விட்டுவிட்டு நான் கம்பெனி லைன் வேலைக்கே திரும்பிவிட்டேன். உன்னைப் பெண் பார்த்துப் பூ வைத்துவிட்டார்கள் என்று கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. என்னைத் திட்டுவதற்காகவாவது வா.

உனக்கென்று தனியாக ஓர் ஈமெயில் திறந்து வைத்திருக்கிறேன். வந்ததும் பாஸ்வேர்டை மாற்று. யாரிடமும் சொல்லாதே. நான் அழுதுகொண்டு கேட்டாலும் சொல்லாதே.

உன் பாயில் பாதி இடம் வாங்கித் தூங்கியவள்