பழைய நாடாவால் அளந்த உயரம்

என் அன்பு அம்மா,

வருகிற மாசியோடு நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம். ஒட்டுசுட்டானில் மழை விட்டுவிட்டது. நான் உயரம் பாய்ந்து பழகுவதற்காகப் பின்வளவில் நீங்கள் நட்ட இரண்டு கம்பங்களும் அப்படியே நிற்கின்றன. ஆணிகளுக்குப் பக்கத்தில் நீங்கள் எழுதிய அளவுகளும் அழியவில்லை. நான் விழுவதற்கென்று உரப்பைகளில் அடைத்த வைக்கோலைத்தான் போன மாதம் யானை வந்து தின்றுவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் அந்த யானைக்கு விழுந்திருக்கும் ஏச்சை நினைத்துத் தங்கச்சியும் நானும் சிரித்தோம்.

முழங்கால் ஒப்பரேசனுக்குப் பிறகு நான் பழைய ஆள் இல்லை, அம்மா. தேசியச் சம்பியன் என்று ஊரார் இன்னும் சொல்கிறார்கள். ஆனால் போன வாரம் மைதானத்துப் பயிற்சியில் தகுதி உயரத்தில் தடியை மூன்று தரமும் தட்டி விழுத்தினேன். "இனிக் காணும் பிள்ளை, சின்னப் பிள்ளையளப் பழக்கும்" என்று, போட்டியை விடும்படி விளையாட்டு அலுவலர் அன்பாகத்தான் சொன்னார். கொழும்புப் போட்டிக்கான தெரிவு சனிக்கிழமை. என் பெயரை வெட்டச் சொல்வதா வேண்டாமா என்று மனம் அலைந்தது.

நேற்றுப் பின்னேரம் உரப்பைகளில் புது வைக்கோல் அடைத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். தகுதி உயரத்து ஆணியில் தடியை வைக்கப் பயமாக இருந்தது. இரண்டு விரல் கீழே இருந்த ஆணியில் வைத்துப் பாய்ந்தேன். தடி அசையவில்லை. சந்தோசமும் வரவில்லை.

தங்கச்சி தையல் மெசினிலிருந்து எழுந்து, தன் நாடாவோடு வந்து அளந்தாள்.

"அக்கா, போன கிழமை நீங்கள் விழுத்தின உயரம் இதுதான்."

நான் நம்பவில்லை. அவள் அலுமாரியிலிருந்து உங்கள் பழைய துணி நாடாவை எடுத்துவந்து, தன்னுடையதன் பக்கத்தில் விரித்தாள். உங்களுடையது இழுபட்டு இழுபட்டு நீண்டுபோயிருந்தது. அதால் அளந்து அடித்த ஆணியெல்லாம் எழுதியிருந்ததைவிட உயரத்தில் நின்றிருக்கிறது!

"அம்மாவுக்குத் தெரியும் அக்கா. சட்டை தைக்கப் புது நாடா வாங்கினவா. உங்கட ஆணி அடிக்க மட்டும் பழசைத்தான் எடுப்பா. சொல்லக்கூடாதெண்டு என்னட்டச் சத்தியமும் வாங்கினவா."

முதல் மாவட்டப் போட்டியில், வீட்டில் பாய்ந்ததைவிட உயரமாகப் பாய்ந்துவிட்டு, மைதானத்து மெத்தையைப் புகழ்ந்தேனே, ஞாபகமிருக்கிறதா? "ஓம், நல்ல மெத்தைதான்" என்றீர்கள். முகத்தில் ஒன்றுமே காட்டவில்லை. உண்மையான உயரத்தைச் சொன்னால் பயந்துவிடுவேன் என்றா நினைத்தீர்கள்? தடி விழுந்த நாட்களில் நான் அழுவேன். "இன்னும் ஒருக்காப் பாய் பிள்ளை" என்று மட்டும்தான் சொல்வீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அம்மா? எனக்குக் கோபம்தான். ஆனாலும் உங்களைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் இருக்கிறது. இல்லாமல் போன பிறகும் என்னை ஏமாற்றிப் பாய வைத்துவிட்டீர்களே.

பெயரை வெட்டவேண்டாம் என்று இன்று காலை அலுவலரிடம் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை மைதானத்தில் உயரத்தைப் பலகையில் பெரிதாக எழுதியிருப்பார்கள். அதை என்னிடமிருந்து ஒளிக்க அங்கே யாரும் இல்லை. இந்தத் தடவை, எவ்வளவு உயரம் என்று தெரிந்துகொண்டே பாய்வேன். இது சத்தியம்.

வைக்கோல் தூசியோடு குசினிக்குள் வந்து ஏச்சு வாங்கிய,
உங்கள் மூத்த மகள்