பத்தடி உயரம்

ஜூன் 2, திங்கள்

சுற்றறிக்கை வந்திருக்கிறது. மாநிலம் முழுக்கத் தேவையில்லாத விதிகளை ஒழிக்கப் போகிறார்களாம். மாதக் கடைசிக்குள் ஒவ்வொரு பிரிவும் நாற்பது விதிகளை நீக்கப் பரிந்துரைக்க வேண்டும். எங்களுடையது கடைகளுக்கு உரிமம் கொடுக்கும் பிரிவு. பட்டியல் போடும் வேலை என் தலையில் விழுந்தது.

ஏன் நாற்பது? முப்பத்தெட்டுதான் தேவையில்லாதது என்றால் என்ன செய்வது? மேலதிகாரியிடம் கேட்டேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் காற்புள்ளி. எந்தக் கோப்பு போனாலும் ஒரு காற்புள்ளியைச் சேர்த்துத் திருப்பி அனுப்புவார். "நாப்பதுன்னா நாப்பதுதாம்மா" என்றார்.

ஜூன் 5, வியாழன்

தங்கையிடமிருந்து போன். செய்தியில் பார்த்துவிட்டாள். "அக்கா, அந்தப் பத்தடியையும் தூக்கிடுவீங்கல்ல?"

வீட்டு முன்னறையில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைக்க இரண்டு முறை விண்ணப்பித்தாள். கூரை பத்தடி உயரம் இருக்க வேண்டும் என்பது விதி. அவள் அறை ஒன்பதடி. இரண்டு முறையும் நிராகரித்துக் குறிப்பு எழுதியவள் நான். வேறு மேசைக்குப் போயிருந்தாலும் இதே பதில்தான் என்று அவளிடம் சொன்னேன். உண்மைதான். ஆனால் கையெழுத்து என்னுடையது. மூன்று மாதம் அவள் என்னோடு பேசவில்லை. முன்பு வேலை பார்த்த கடையை மூடிவிட்டார்கள். இரண்டு கைக்குழந்தைகளை விட்டுவிட்டு அவளால் வெளியே போகவும் முடியாது. தெரிந்த தொழில் இது ஒன்றுதான்.

"பாக்கறேன்" என்றேன். என்னத்தைப் பார்க்கப் போகிறேன்?

ஜூன் 11, புதன்

பகல் முழுக்கப் பதிவறையில். தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது. பத்தடி ஏன் என்று கடைசியில் கிடைத்தது. அந்தக் காலத்தில் கடைக்குள்ளேயே கரியடுப்பு வைத்து வெந்நீர் போட்டிருக்கிறார்கள். புகையில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்களாம். இப்போது யார் கரியடுப்பு வைக்கிறார்கள்? தேவையில்லாத விதிதான், சந்தேகமே இல்லை.

நிஜமாகவே சந்தேகம் இல்லையா, தங்கை என்பதால் இல்லையா? வேறொருத்தி கேட்டிருந்தால் பதிவறைக்குப் போயிருப்பேனா?

ஜூன் 12, வியாழன்

போடலாம். போடக் கூடாது. டீ ஆறிப் போச்சு.

ஜூன் 20, வெள்ளி

போட்டேன். நாற்பதில் ஒன்றாக. பக்கத்தில் குறிப்பும் எழுதினேன் — இந்த விதியால் பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர் என் உடன்பிறந்த தங்கை. எழுதியதும் நெஞ்சு லேசானது. மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

காற்புள்ளி கூப்பிட்டார்.

"உங்க தங்கச்சியா?"

"ஆமா சார். அதான் எழுதியே குடுத்துட்டேன்."

"எழுதினதுதாம்மா சிக்கல். நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன சொல்றது? எழுதாம விட்டிருந்தா நாப்பதோட நாப்பதா போயிருக்கும்." ஒரே கோடு, அடித்துவிட்டார். "ஒண்ணு கொறையுது. சாயங்காலத்துக்குள்ள வேற ஒண்ணு போட்டுடுங்க."

மறைத்திருந்தால் போயிருக்கும். சொன்னதால் நின்றுவிட்டது. இது என்ன நியாயம்? அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை, அவர் இடத்தில் நான் இருந்தாலும் — தெரியல. ஒண்ணுமே புரியல.

மணி நாலரை. கைக்கு வந்ததைப் போட்டேன்: கடை வாசல் தரைமட்டமாக இருக்க வேண்டும், படி கூடாது என்கிற விதி. ஏன் என்று கோப்பில் ஒரு வரிகூட இல்லை. பதிவறையைப் பூட்டியிருந்தார்கள். 'காரணம் தெரியவில்லை, நீக்கலாம்' என்று எழுதினேன். கையே ஓடவில்லை.

ஜூன் 28, சனி

தங்கையிடம் சொன்னேன். "வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல? ஊருக்கெல்லாம் நல்லவளா இரு, எனக்கு மட்டும் ஆபீசரா இரு." போனை வைத்துவிட்டாள்.

நான் என்னடி பண்ணட்டும்.

ஆகஸ்ட் 20, புதன்

அரசாணை வந்துவிட்டது. நாற்பதும் நீக்கம். காற்புள்ளிக்குப் பாராட்டுக் கடிதம். மூன்று முறை படித்துவிட்டு, இரண்டாவது வரியில் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருக்கிறது என்றார்.

செப்டம்பர் 1, திங்கள்

தங்கையின் விண்ணப்பம், மூன்றாம் முறை. கூரை உயரம் பத்தடி என்று போட்டிருக்கிறது. பொய்யா? ஆபீஸ் விட்டதும் நேராக அவள் வீட்டுக்குப் போனேன்.

பொய்யில்லை. அவள் வீட்டுக்காரர் கொத்தனார். "மேல தூக்க வழியில்ல அக்கா, அதான் கீழ எறக்கிட்டேன்" என்றார். முன்னறைத் தரையை ஓரடி தோண்டிப் புதிதாகத் தளம் போட்டிருக்கிறார். வாசலிலிருந்து உள்ளே இறங்க ஓரடிப் பள்ளம். அரசாணைக்கு முன்பாக இருந்தால் இதற்கும் நிராகரிப்புதான். இப்போது வாசல் தரைமட்டமா என்று கேட்க விதி இல்லை. நான்தானே எடுத்தேன்! தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

கோப்பை இந்த முறை பக்கத்து மேசைக்குக் கொடுத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் உரிமம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கடை திறந்தாயிற்று. முதல் ஆளாக அம்மா. முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மாவுக்குத் தடி இல்லாமல் நடக்க முடியாது. வாசல் வரை வந்து நின்றாள். தடியைக் கீழே நீட்டிப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடி நீட்டினாள். இரண்டு பக்கமும் பிடித்தோம். "வேணாம்டி, விழுந்துடுவேன்" என்றாள்.

படி ஏன் கூடாது என்று அப்போது தெரிந்தது. கோப்பில் எழுதாதவர்கள், இதைப் போய் எழுத வேண்டுமா என்று விட்டிருப்பார்கள். எனக்கு முகமெல்லாம் சுட்டது.

தங்கை உள்ளிருந்து நாற்காலியைத் தூக்கி வந்து தெருவோரம் போட்டாள். அம்மாவை உட்கார வைத்துக் கத்தரியை எடுத்தாள். உரிமம் பெற்ற அறைக்கு வெளியே முடி வெட்டக் கூடாது. இருபத்திரண்டாம் விதி, இன்னும் இருக்கிறது.

"அக்கா, துண்ட கொஞ்சம் புடி."

பிடித்தேன்.