பந்து போகட்டும் என்று வேண்டியது

ஆவணி 9, திங்கள்

காலையில் தூறல். பத்து மணிக்கு மேல் பளீரென்று வெயில். மாடியில் மிளகாய் போட்டது, அள்ளியது, மறுபடி போட்டது.

பால் 2 பாக்கெட். கேஸுக்குச் சொல்லியாயிற்று. ரேஷனில் பருப்பு இல்லை, வியாழன் வரச் சொன்னார்கள்.

சாயந்திரம் தனசேகர் போன். என் வீட்டுக்காரரோடு கம்பெனி வாலிபால் டீமில் ஆடியவர். இப்போது பூந்தமல்லிப் பக்கம் மூன்று டர்ஃப் வைத்திருக்கிறார். பச்சைப் பிளாஸ்டிக் புல், சுற்றிலும் வலை, மணிக்கணக்கில் வாடகை.

"மாமே, ஞாயித்துக்கெழம நம்ம பழைய டீமு மொத்தமும் வருது. பாரிவாக்கம் டர்ஃபுல ஒரு மேட்ச். நீ இல்லாங்காட்டி யாருடா பந்த தூக்கிக் குடுக்கறது?"

"முட்டி போச்சுடா தனா. குந்துனா எந்திரிக்க ரெண்டு ஆளு வேணும்."

"நீ குந்தவே வேணாம். நின்னுக்கினு இரு, போதும்."

போனை வைத்த பிறகும் இவர் சிரித்துக்கொண்டே இருந்தார். ஐம்பத்தெட்டு வயது. பரணில் பழைய முட்டிப் பட்டையைத் தேடி, ஊறுகாய் ஜாடி மூடியை உடைத்ததுதான் மிச்சம்.

நான் என் தட்டை அப்படியே மூடி வைத்தேன்.

ஆவணி 10, செவ்வாய்

புழுக்கம். வேலைகள்: தலையணை உறை, விளக்கு தேய்த்தல், ராகுகால பூஜை.

மகள் கல்பனா அம்பத்தூரிலிருந்து வந்தாள். மத்தியானம் டி.வி.யில் ஒரு இங்கிலீஷ் படம் போட்டாள், தமிழில் பேசுகிற மாதிரி. பனிக்கட்டி மேல் வழுக்கிக்கொண்டு கட்டையால் தட்டி ஆடும் ஆட்டம். ஊர் டீம். டிராக்டர் கம்பெனி முதலாளிக்குச் சொந்தம். நஷ்டம் என்று சொல்லி, அதைப் பெரிய பட்டணத்துப் பணக்காரனுக்கு விற்கப் பார்க்கிறார். ஆறடி வெள்ளைக்காரன் வந்து, "இன்னா நைனா, டீமை வித்து ஏப்பம் உடப் போறியாமே" என்கிறான். கல்பனா விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்குப் பிடித்தது அந்தக் கம்பெனியில் கணக்கு எழுதுகிற பெண்மணி. கண்ணாடி, கம்பளிச் சட்டை, என் வயசு. பேரேட்டைத் தூக்கிக்கொண்டு முதலாளி அறைக்கே போய், "நஷ்டம் டீமால் இல்லை, உங்க பையன் வாங்கின விமானத்தால்" என்கிறாள். அதைச் சொல்ல ஒரு ஆள் இருந்தாளே.

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நம்ம டீமுக்கு இப்டி ஒரு பொம்பள இருந்திருந்தா..." என்று நிறுத்திவிட்டார்.

இருந்தாள். வேறு வேலை செய்துகொண்டிருந்தாள்.

எழுதிவிடுகிறேன். முப்பது வருஷமாக எழுதாதது. இவருக்கு வேலை கொடுத்ததே வாலிபாலுக்காக. இரண்டு மணிக்கு மேல் டூட்டி கிடையாது, பிராக்டிஸ். மாதம் ஒரு வெளியூர். கல்பனா பிறந்தபோது கோவில்பட்டியில் மேட்ச். ஆஸ்பத்திரியில் நானும் அம்மாவும் மட்டும். மூன்றாம் நாள் வந்தார், கையில் கோப்பையோடு. நாற்பதாம் நாள் திருமுல்லைவாயில் அம்மனிடம் நேர்ந்துகொண்டேன்: இந்தப் பந்து இவர் கையை விட்டுப் போகட்டும் தாயே, இருபத்தோரு வெள்ளி மாவிளக்கு போடுகிறேன்.

மூன்றே மாசம். கம்பெனி டீமைக் கலைத்தது.

ஆவணி 11, புதன்

கரன்ட் இல்லை, 11 முதல் 1 வரை. மாவு அரைக்கவில்லை.

யோசனை முழுக்க அந்தப் படம். டீம் போனதும் இவரைப் பேக்கிங்கில் போட்டார்கள். இருபத்தெட்டு வருஷம் அட்டைப்பெட்டி. குறை சொன்னதில்லை. ராத்திரி தூக்கத்தில் மட்டும் இரண்டு கையும் நெற்றிக்கு மேலே போகும். முதல் இரண்டு வருஷம் அப்படி. பிறகு நின்றுவிட்டது. நின்றபோதுதான் பயந்துபோனேன்.

டீம் போன பிறகு தினமும் சாயந்திரம் ஆறு மணிக்கே வந்தார், குழந்தையைத் தூக்கினார், சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொடுத்தார். நான் கேட்டதெல்லாம் கிடைத்தது.

படம் பார்த்த பிறகு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். டீமைக் கலைத்தது முதலாளியின் கணக்கு. பணமுள்ளவர்கள் முடிவு செய்கிறார்கள். என் வேண்டுதலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்படியானால் அம்மன் நான் கேட்டதைக் கேட்கவே இல்லையா? அதை ஏற்கவும் மனசு வரவில்லை. அவள் கேட்டாள் என்றால் பாவம் என்னுடையது. கேட்கவில்லை என்றால், இத்தனை வெள்ளிக்கிழமை நான் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன்?

ஞாயிறுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் அவரைப் பழைய டீமோடு நிற்க அனுப்ப என்னால் முடியாது.

ஆவணி 13, வெள்ளி

நேற்று எழுதவில்லை. ரேஷன் வரிசை. பருப்பு 1 கி. கிடைத்தது.

காலை 7.40 ரயிலில் திருமுல்லைவாயில் கோயில். நல்ல கூட்டம். அர்ச்சனை இவர் பேருக்கு. ஒன்றும் கேட்கவில்லை. கேட்க பயம்.

பின்னால் நின்ற பெண் பக்கத்தவளிடம்: "நாம கேக்கறத கரெக்டா கேக்கணும்க்கா. மாத்திக் கேட்டா மாத்தித்தான் வரும்." யாரைப் பற்றியோ. குங்குமத்தை வாங்கிக்கொண்டு வேகமாக வெளியே வந்துவிட்டேன்.

ஆவணி 14, சனி

சொல்லிவிட்டேன்.

காலை, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். கோச்சிக்கக் கூடாது."

"இன்னா, சீட்டுக்காரன் ஓடிட்டானா?"

"இல்லீங்க."

"கல்பனாவுக்கு எதனா?"

"அவ நல்லாத்தான் இருக்கா. உங்க டீமு கலைஞ்சிச்சே, அது..."

எல்லாம் சொன்னேன். கோவில்பட்டி, ஆஸ்பத்திரி, நாற்பதாம் நாள். அவர் கை கீரையிலேயே நின்றது.

"இருவத்தியோரு வெள்ளியும் நானுந்தானே கூட வந்தேன்?"

"ஆமாங்க."

"கொழந்தைய நாந்தானே தூக்கிக்கினு வந்தேன்?"

"ஆமாங்க."

"மாவெளக்கு மாவ நாந்தானே துன்னேன்?"

"ஆமாங்க."

"டீமு திரும்பி வரணும்னு நீ வேண்டிக்கினு கீறேன்னு நெனச்சேம்மே."

சுவரைப் பிடித்து எழுந்தார். மத்தியானம் சாப்பிட்டார். இரண்டாவது தடவை ரசம் வாங்கவில்லை. டி.வி. போடவில்லை.

இப்போது மணி ஐந்து. மழை வரும்போல் இருக்கிறது. கீரை அப்படியே கிடக்கிறது.

ஆவணி 15, ஞாயிறு

மழை வரவில்லை. காலை ஆறரைக்குத் தனசேகர் கார் வாசலில். இவர் பையை எடுத்துக்கொண்டு செருப்பு மாட்டினார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "பொடவ மாத்திக்கினு வா."

"நான் எதுக்குங்க?"

"ஒரு மேட்ச்சாவது பாத்திருக்கிறியா நீ?"

இல்லை. முப்பது வருஷத்தில் ஒன்றுகூட இல்லை. பார்க்காத ஒன்றைத்தான் போகச் சொல்லியிருக்கிறேன்.

பட்டாபிராம் தாண்டுவதற்குள் இவர் ஆரம்பித்தார். "தனா, நம்ம டீமு ஏன் பூட்ச்சு தெரியுமா?"

"மொதலாளி புது ஷெட்டு கட்டுனான், காசில்லேன்னான்."

"அதில்ல. என் பொண்டாட்டி அம்மங்கிட்ட வேண்டிக்கினா."

கார் ஓரமாக நின்றுவிட்டது. தனசேகர் முழுசாகத் திரும்பிப் பார்த்தார். "அண்ணி! அப்ப இந்த மூணு டர்ஃபும் நீங்க குடுத்ததா? டீமு இருந்திருந்தா நானும் அந்தக் கம்பெனியிலயே கெடந்து ரிட்டேர் ஆயிருப்பேனே! எனக்கு ஒரு வார்த்த முன்னாடியே சொல்லியிருந்தா கல்யாண மண்டபமே கட்டியிருப்பேன்!"

அவர் மட்டும் சிரித்தார். இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

டர்ஃபில் பத்துப் பதினோரு பேர். தொப்பை, வழுக்கை, ஒருவருக்குக் காதில் மெஷின். "கோபாலு வந்துட்டான்டோய்!" ஒவ்வொருவராக வந்து இவரைக் கட்டிக்கொண்டார்கள். அண்ணி, அண்ணி என்று எனக்கு நாற்காலி போட்டார்கள். காரணம் தெரிந்தால் போட்டிருப்பார்களா?

ஆட்டம். முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் இவர் கையை மட்டும் பார்த்தேன். பந்து வருகிறது, நெற்றிக்கு மேலே கை போகிறது, பந்து போய்விடுகிறது. அடிக்கிற சத்தமே இல்லை. சூட்டோடு துணியிலிருந்து இட்லி எடுக்கும்போது விரல் நுனி மட்டும் படுமே, அப்படி. பந்து நேரே தனசேகர் கைக்கு ஒரு சாண் மேலே போய் நிற்கிறது. தனசேகர் அடிக்கிறார், கை தட்டுவது அவருக்கு. இவர் அதற்குள் அடுத்த பந்துக்குத் திரும்பிவிட்டார்.

இந்த மனுஷனை எனக்குத் தெரியாது.

முதல் செட் முடிந்து வந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

"எப்டி கீது?"

"முன்னாடியே கூட்டியாந்து காமிச்சிருந்தா நான் அப்படி வேண்டியே இருக்க மாட்டேங்க."

"நீ கேக்கவே இல்லியே."

"நீங்க கூப்பிடவே இல்லியே."

வலைக்கு அந்தப் பக்கம் யாரோ விசில் ஊதினார்கள். பாட்டிலை என் கையில் கொடுத்தார்.

"இன்னும் ஒரு செட்டு கீது. பாத்துட்டுப் போ."

பார்த்தேன்.