பதினோராம் விதிக்கு ஒரு திருத்தம்

பிரியமுள்ள அத்தானுக்கு,

போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நம்ம படகுக்காரங்க சங்கத்து விதிப்புத்தகம் நிறைவேறிட்டு. நீங்க எழுதி முடிச்ச புத்தகத்துல நாங்கள்லாம் கையெழுத்துப் போட்டோம். இன்னும் மூணு மாசம் எங்க கூட இருந்திருக்கக் கூடாதா?

சங்கத்துக்கு விதி எழுதணும்னு நீங்க கிளம்பினப்ப, "நாலு பேரு உக்காந்து ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போவோம், இதுக்கு எதுக்கு இத்தனை கூட்டம்?"னு சிரிச்சேன். தூத்துக்குடியிலேருந்து கப்பல் வேலைக்குப் போன காலத்துலயே அரசியல் நிர்ணய சபை விவாதங்களைப் புத்தகம் புத்தகமா வாசிச்ச ஆளு நீங்க. விடுவீங்களா?

"ஏலே, இந்தத் தேசத்துக்குச் சட்டம் எழுத கிட்டத்தட்ட மூணு வருசம் ஆச்சு. ஒவ்வொரு பிரிவையும் சபையில வச்சு, மாத்தணும்னவன் பேச்சையெல்லாம் கேட்டு, ஓட்டுக்கு விட்டுத்தான் ஏத்துக்கிட்டாங்க. எதுத்தவன் பேசினதும் அச்சுல இருக்கு"ன்னீங்க. சங்கத்துலயும் அப்படியே ஒவ்வொரு விதியா சத்தமா வாசிச்சீங்க. எனக்குக் கொட்டாவி கொட்டாவியா வந்துது.

பதினோராம் விதியில கொட்டாவி போயிட்டு. படகு யார் பேர்ல இருக்கோ, ஆணோ பெண்ணோ, அவங்களுக்கு ஓட்டுன்னு எழுதியிருந்தீங்க. நான்தான் முதல்ல எந்திரிச்சுக் கத்தினேன், பொம்பளைங்களுக்குச் சங்கத்துல என்ன வேலைன்னு. "தேசமே ஆண் பெண் பாக்காம ஓட்டுக் குடுத்திருக்கு. நம்ம சங்கம் தேசத்தைவிடப் பெருசாலே?"ன்னு கேட்டீங்க. கை தூக்கினப்ப உங்க பக்கம் ரெண்டே கை. அதுல ஒண்ணு உங்களுது.

நானா இருந்தா பேனாவை விட்டெறிஞ்சிட்டுப் போயிருப்பேன். நீங்க அந்த வரியை அடிச்சு, 'ஆண்களுக்கு மட்டும்'னு உங்க கையாலயே திருத்தினீங்க. பிறகு மொத்தப் புத்தகத்தையும் நல்ல பிரதி எடுத்தீங்க. நீங்க தோத்த வரியிலயும் ஒரு எழுத்து கோணல் இல்ல. எப்படி அத்தான் முடிஞ்சுது உங்களால?

ஞாயித்துக்கிழமை அக்காவும் வந்து வரிசையில நின்னா. உங்க படகு இப்ப அவ பேர்லதானே இருக்கு? ஓட்டு உள்ளவங்கதான் கையெழுத்துப் போடலாம்னு செயலாளர் அண்ணாச்சி பதினோராம் விதியைக் காட்டிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். அக்கா யாரையும் ஏசல. உங்க எழுத்தை விரலால ஒரு தடவை தடவினா. "நீ போடுலே"ன்னு என்கிட்ட சொல்லிட்டு வெளியே போயிட்டா. கூடப் பிறந்தவ, அத்தான்! வெக்கத்துல செத்தேன்.

போடாமலே வந்திருவோமான்னு நெனச்சேன். தங்க திருத்தமெல்லாம் தோத்துப் போனவங்க பலரும் டெல்லிச் சபையில கடைசியா வந்து கையெழுத்துப் போட்டாங்கன்னு நீங்க சொன்னது அப்பத்தான் ஞாபகம் வந்துது. சும்மா கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். 'இந்தப் புத்தகத்தில் எந்த விதியையும் சங்கம் கூடித் திருத்தலாம்.' நாட்டுச் சட்டத்துல இருக்கிற அதே வழி. இதை எப்ப வாசிச்சீங்க? நான் இதை எதுத்த ஞாபகமே இல்ல. நான் கொட்டாவி விட்ட நேரமாத்தான் இருக்கும்.

கையெழுத்துப் போட்டுட்டேன், எனக்கு மேல ஒரு வரி இடம் விட்டு. அது அக்காவுக்கு. அடுத்த கூட்டத்துல பதினோராம் விதிக்குத் திருத்தம் என் பேர்ல வருது. தோத்தா அதுக்கடுத்த கூட்டத்துலயும் வரும். என்னைக்காவது உங்க அழகான பக்கத்துல என் கோழிக்கிறுக்கல் விழத்தான் போகுது, பொறுத்துக்கிடுங்க.

இப்படிக்கு,
உங்களை ஓட்டுல தோக்கடிச்ச மச்சினன்