ஒரு மணி நேரம் பின்னால்

அன்புள்ள லீலாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் இடுப்பு வலி இப்ப எப்படி கீது?

ரெண்டு நாள் நீ போன் எடுக்கலன்னு கண்டபடி திட்டி வாய்ஸ் மெசேஜ் அனுப்பிட்டேன். அதிலிருந்து நீ பேசறதே இல்ல. தப்பு என்னுதுதான்.

இங்க ஸ்லோவாக்கியாவுல குளிர்காலம் வந்தா கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால திருப்பி வைக்கிறாங்க. நான் வழக்கம்போல பத்து மணி டீ பிரேக்குல கூப்பிட்டேன். முன்னெல்லாம் அப்ப நம்ம மண்ணூர்ல மதியம் ஒன்றரை. நீ கம்பெனி பஸ்ஸுக்கு நிப்ப. இப்ப ரெண்டரை ஆயிடுது. நீ ஒரகடம் கம்பெனியில, போனை லாக்கர்ல வெச்சிட்டு அசெம்ப்ளி லைன்ல நிக்கிற. இங்க என்கூட வேலை செய்யற சுபாஷ் சொல்லித்தான் புரிஞ்சுது.

இனிமே ஒன்பதுக்கே கூப்பிடறேன். சூப்பர்வைசர் அஞ்சு நிமிஷம் விடறேன்னாரு. கோவம்னா பேச வேணாம், போனை எடுத்துக் கையில வெச்சுக்க. பஸ் ஹாரனாவது கேக்கட்டும்.

ஷிப்டுக்கு நேரமாச்சு.

உன் வசந்தகுமார்